சர்க்கார் காகிதங்களில் ஒரு கல்யாணம்

சரித்திரம் என்ற சொல்லைக் கேட்டதுமே கொட்டாவி விடும் தோழியர் நம் பள்ளியில் பலர் உண்டு. நாங்களும் சென்ற ஜூன் மாதம் வரை அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவர்களாகத்தான் இருந்தோம். பதினோராம் வகுப்பில் சரித்திர மன்றத்தில் பெயர் கொடுத்தது கூட, அந்த மன்றத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் கம்ப்யூட்டர் அறை கிடைக்கும் என்ற ஒரே காரணத்துக்காகத்தான். உண்மையைச் சொல்வதில் வெட்கம் என்ன?

குடிமையியல் பாடத்தில் ஒரு நாள், பெண்ணுக்குத் திருமண வயது 18, ஆணுக்கு 21 என்று ஆசிரியை சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது எங்கள் தோழி ஒருத்தி எழுந்து, "டீச்சர், எங்கள் கொள்ளுப்பாட்டிக்கு ஆறு வயதில் கல்யாணம். தாலி கட்டும்போது தாத்தா மடியில் தூங்கிவிட்டார்களாம். அப்போது இந்தச் சட்டம் இல்லையா?" என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. "எந்த வருஷம் கல்யாணம் என்று தெரிந்து வா. சட்டம் இருந்ததா இல்லையா என்று தேடிப் பார்த்துவிடலாம்" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை தோழி ஒரு பழைய நீள நோட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். கும்பகோணத்துப் பக்கம் அவர்கள் குடும்பம் இருந்த காலத்தில் எழுதிய கணக்கு நோட்டு அது. நெல் கணக்கு, வண்டிக் கூலி, மொய் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. கொள்ளுப்பாட்டியின் கல்யாணச் செலவு ஒன்றரைப் பக்கம். மேலே 'சுக்கில வருஷம் மாசி மாதம்' என்று எழுதியிருந்தது. தமிழ் வருஷங்கள் அறுபதும் சுழன்று வருபவை என்பது நாம் அறிந்ததே. பிரபவ முதல் எண்ணிக்கொண்டு வந்தால் சுக்கிலம் மூன்றாவது. 1929 ஏப்ரலில் பிறந்து 1930 ஏப்ரலில் முடிந்த வருஷம். ஆகவே மாசி என்றால் 1930 பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை.

அதே நோட்டில் வேறொன்றும் கண்ணில் பட்டது. அந்த ஒரே மாசி மாதத்தில் அந்தக் குடும்பத்தார் பதினொரு கல்யாணங்களுக்கு மொய் எழுதியிருக்கிறார்கள். அதற்கு முந்தின வருஷம் மாசியில் இரண்டு. அடுத்த வருஷம் மாசியில் ஒன்றுகூட இல்லை. தோழியின் பாட்டியைக் கேட்டதற்கு, "எங்கம்மா சொல்லுவா, தெருவிலே ஒரே நாளில் மூணு பந்தல் போட்டிருந்துதாம். அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு முகூர்த்தம் இல்லைன்னு பஞ்சாங்கத்தில் போட்டிருந்துதாம்" என்றார்களாம்.

முகூர்த்தம் இல்லாத காரணம்தானா? இதுதான் எங்கள் கேள்வி. இதற்கு விடை தேடிப் போனதில், ஒரு நாட்டின் பழைய சர்க்கார் காகிதங்கள் எங்கே இருக்கின்றன, இன்று வீட்டிலோ பள்ளியிலோ உட்கார்ந்தபடி இணையத்தில் அவற்றை எப்படி எடுத்துப் படிப்பது என்று ஓரளவு கற்றுக்கொண்டோம். அந்த வழியைத் தங்கைமாருக்குச் சொல்லவே இந்தக் கட்டுரை.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில், கலெக்டர் எழுதிய கடிதம் முதல் வைஸ்ராய் இட்ட கையொப்பம் வரை எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, எண் போட்டு, கட்டி வைத்தார்கள். அந்தக் கட்டுகளைக் காப்பதற்கென்றே 1891இல் கல்கத்தாவில் 'இம்பீரியல் ரிக்கார்டு டிபார்ட்மெண்ட்' தொடங்கப்பட்டது. தலைநகர் டில்லிக்குப் போனபின் இதுவும் அங்கே போயிற்று. கட்டடக்கலை நிபுணர் லட்யன்ஸ் வரைந்த கட்டடம் 1926இல் முடிந்தது. சுதந்திரத்துக்குப் பின் அதற்குப் பெயர் இந்திய தேசிய ஆவணக் காப்பகம். நம் மாநிலத்துக்கும் ஒன்று உண்டு. சென்னை எழும்பூரில் 1909இல் மதராஸ் ரிக்கார்டு ஆபீஸ் என்று ஆரம்பித்து, இப்போது தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்று வழங்குகிறது. சிவப்புக் கட்டடம். ரயிலில் எழும்பூர் போகும் நாம் அதைத் தாண்டித்தான் போகிறோம், உள்ளே என்ன இருக்கிறதென்று நினைப்பதில்லை.

டில்லிக் காப்பகம் தன் பட்டியலையும், படமெடுத்த காகிதங்கள் பலவற்றையும் 'அபிலேக் படல்' என்ற தளத்தில் போட்டிருக்கிறது. 2015இல் தொடங்கிய தளம். மின்னஞ்சல் முகவரி கொடுத்துப் பதிவு செய்தால் போதும். படமெடுக்காத கட்டுகளும் பட்டியலில் வருவதால், 'இருக்கிறது' என்பது வேறு, 'இங்கேயே படிக்கலாம்' என்பது வேறு என்று முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. இது தெரியாமல் ஒரு முழுப் பீரியடை நாங்கள் வீணாக்கினோம்.

இரண்டாவது பீரியடும் வீணாயிற்று. அந்தக் கதையைச் சொல்லத்தான் வேண்டும். 'குழந்தைத் திருமணம்' என்று தமிழில் தட்டினோம். ஒன்றும் வரவில்லை. வராது. காகிதங்கள் ஆங்கிலத்தில் உள்ளவை. பட்டியலும் ஆங்கிலத்தில். சரி என்று ஆங்கிலத்துக்குப் போனோம். பாட்டிமார் வாயில் 'சாரதா சட்டம்' என்று கேட்டிருக்கிறோம் அல்லவா? சாரதா என்ற அம்மையார் ஒருவர் பாடுபட்டுக் கொண்டுவந்த சட்டம் என்று எங்களில் நான்கு பேர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள். சாரதா என்று நாம் பெண்களுக்கு எழுதும் எழுத்துக்களிலேயே ஆங்கிலத்தில் தட்டினால், ராமகிருஷ்ண மடமும் பள்ளிக்கூடங்களும் வந்தனவே தவிர சட்டம் வரவில்லை. பிறகு ஆசிரியை வந்து சொன்னார்: அவர் அம்மையாரே இல்லை. ராஜஸ்தானத்து ஆஜ்மீரைச் சேர்ந்த ஹர் பிலாஸ் சர்தா என்ற ஆடவர். சர்தா என்ற குடும்பப் பெயர்தான் தமிழ்நாட்டுத் திண்ணைகளில் சாரதாவாகிவிட்டது! எழுத்தைச் சரியாகத் தட்டியதும் வரிசை வரிசையாக வந்து விழுந்தன.

ஆகையால் தேடுவதற்குமுன் அந்தக் காலத்து எழுத்தர் அந்தப் பெயரை எப்படி எழுதியிருப்பார் என்று யோசிக்க வேண்டும். ஊர்ப் பெயர்களில் இது இன்னும் மோசம். தஞ்சாவூரைத் தேடினால் கிடைக்காது. 'டான்ஜூர்' என்று தேட வேண்டும். திருச்சிராப்பள்ளி 'ட்ரிச்சினாபொலி'. திருநெல்வேலி 'டின்னெவெல்லி'. தூத்துக்குடி 'டூட்டிகொரின்', நாகப்பட்டினம் 'நெகபட்டம்', தரங்கம்பாடி 'ட்ரான்குபார்'. காஞ்சிபுரம் 'கொஞ்சீவரம்' ஆகிக் கிடக்கிறது. எங்கள் நோட்டுப் புத்தகத்தில் இதற்கென்றே இரண்டு பக்கம் ஒதுக்கி, ஒவ்வோர் ஊருக்கும் எத்தனை எழுத்துமுறை என்று ஆங்கிலத்தில் குறித்து வைத்திருக்கிறோம். வேண்டுவோர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பெண்களின் பெயரைத் தேடுவது எல்லாவற்றையும்விடச் சிரமம். பின்னால் சொல்லப்போகும் ஒரு விசாரணைக் குழுவில் ராமேஸ்வரி நேரு என்ற அம்மையார் அங்கத்தினராக இருந்தார் என்று ஒரு புத்தகத்தில் படித்துவிட்டுக் குழுவின் அறிக்கையில் அந்தப் பெயரைத் தேடினோம். இல்லை. பெயர்ப் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படித்தபின்தான் 'மிஸஸ் பிரிஜ்லால் நேரு' என்று இருப்பது தெரிந்தது. பிரிஜ்லால் அவருடைய கணவர். பெண்களின் வயதைப் பற்றி விசாரிக்க நியமித்த குழுவில் அங்கத்தினராக இருந்தவருக்கே சொந்தப் பெயர் அச்சில் இல்லை. ஆகவே பெண்ணைத் தேடும்போது கணவர் பெயரையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், தங்கைகளே.

இனி, ஒரு சட்டம் பிறக்கும்போது என்னென்ன காகிதங்கள் உண்டாகின்றன என்று பார்ப்போம். யாராவது ஒருவர் மசோதா கொண்டுவருவார். சட்டசபையில் விவாதம் நடக்கும். அது சொல்லுக்குச் சொல் அச்சாகும். சில சமயம் விசாரணைக் குழு போடுவார்கள். அதன் அறிக்கையும் சாட்சிகள் சொன்னதும் தனித்தனிப் புத்தகங்களாக வரும். பிறகு சட்டம் கெஜட்டில் வெளியாகும். அதன்பின் சர்க்கார் அலுவலகங்களுக்குள் கடிதப் போக்குவரத்து நடக்கும். அதுதான் காப்பகக் கட்டுகளில் இருப்பது. இவை ஒரே இடத்தில் இருப்பதில்லை. விவாதங்கள் நாடாளுமன்ற டிஜிட்டல் நூலகத்தில் இருக்கின்றன. சுதந்திரத்துக்கு முந்தைய மத்திய சட்டசபை விவாதங்களும் அங்கேயே கிடைக்கும். சட்டங்களின் வாசகத்துக்கு 'இந்தியா கோடு' என்ற அரசுத் தளம் உண்டு. குழு அறிக்கைகள் போன்ற பழைய அச்சுப் புத்தகங்களுக்கு, அமெரிக்காவிலிருந்து நடத்தும் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' என்ற நூலகத் தளம் பெரும் உதவி. நம் நாட்டு நூலகங்களில் படமெடுத்த புத்தகங்கள் ஏராளமாக அங்கே ஏற்றப்பட்டிருக்கின்றன.

நாங்கள் சட்டத்தையே முதலில் எடுத்தோம். 1929ஆம் ஆண்டு 19ஆம் எண் சட்டம், குழந்தைத் திருமணத் தடைச் சட்டம். சில பிரிவுகளே. வகுப்பில் அரைமணி நேரத்தில் படித்து முடித்துவிடலாம். பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று அதில் வயது வைத்தார்கள். 1929 அக்டோபர் முதல் தேதி அதற்கு ஒப்புதல் கிடைத்தது. அது அமலுக்கு வந்த தேதி எது தெரியுமா? 1930 ஏப்ரல் முதல் தேதி.

தேதியைப் படித்ததும் தோழி நோட்டைத் திறந்தாள். மாசி. ஏப்ரல் முதல் தேதி பங்குனியில் வருகிறது. சட்டம் வருகிறதென்று ஊரறிய அறிவித்து, ஆறு மாதம் அவகாசமும் கொடுத்தாயிற்று. அந்த அவகாசத்துக்குள்ளேதான் பதினொரு மொய்.

சட்டம் ஏன் ஆறு மாதம் காத்திருந்தது என்று அறிய விவாதங்களுக்குப் போனோம். மத்திய சட்டசபை அந்த செப்டம்பரில் சிம்லாவில் கூடியிருந்தது. விவாதப் புத்தகங்களைப் படிக்க ஒரு வழி உண்டு. முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தால் ரயில்வே, உப்பு வரி, தபால் சிப்பந்திகள் சம்பளம் என்று மூழ்கிப்போவோம். பொருளடக்க அட்டவணையில் மசோதாவின் பெயரைப் பிடித்து, அதில் கண்ட பக்க எண்களுக்கு மட்டும் போக வேண்டும். சர்தா 1927இல் முதன்முதல் கொண்டுவந்தது இந்துக்களுக்கு மட்டுமான மசோதா. அதில் பெண்ணுக்கு 12, ஆணுக்கு 15 என்றுதான் இருந்தது. பரிசீலனைக் குழுவுக்குப் போய்வந்தபோது எல்லா மதத்தாருக்கும் பொதுவாகி, வயதும் உயர்ந்தது. ஜின்னா ஆதரித்தார். சென்னை மாகாணத்திலிருந்து போயிருந்த எம். கே. ஆச்சாரியா கடுமையாக எதிர்த்தார். சாஸ்திரம் என்றும் சர்க்கார் தலையிடலாமா என்றும் பக்கம் பக்கமாக வாதம் நடக்கிறது. எதிர்த்தவர்களும் படித்தவர்கள், நன்றாகப் பேசுகிறவர்கள். சில இடங்களில் அவர்கள் பேச்சுத்தான் சுவையாக இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அத்தனை பக்கங்களிலும் ஒரு பெண் குரலும் இல்லை. 1929இல் அந்தச் சபையில் பெண் அங்கத்தினர் ஒருவர்கூட இல்லை.

பெண்கள் பேசவில்லை என்று அர்த்தமில்லை; அவர்கள் பேசியது வேறு காகிதங்களில் இருக்கிறது. 1928இல் சர்க்கார் நியமித்த விசாரணைக் குழுவின் பெயர் 'சம்மத வயதுக் குழு'. மணமான சிறுமி கணவனோடு வாழத் தொடங்க எது தகுந்த வயது என்று விசாரிப்பது அதன் வேலை. ஜோஷி என்பவர் தலைவராக இருந்ததால் ஜோஷி குழு என்றும் சொல்வார்கள். சென்னையிலிருந்து இரண்டு பேர் அதில் இருந்தார்கள். ஒருவர் ஆற்காடு ராமசாமி முதலியார். மற்றவர் சென்னை விக்டோரியா மருத்துவமனையின் மேற்பார்வை டாக்டராக இருந்த பீடன் அம்மையார். இந்தக் குழு ரயிலேறி நாடெங்கும் போயிற்று. கேள்விகளை அச்சடித்து அனுப்பிற்று. வக்கீல்கள், பண்டிதர்கள், டாக்டர்கள், மாதர் சங்கத்தார் எல்லாரையும் நேரில் உட்காரவைத்துக் கேட்டது. அத்தனையும் கேள்வி பதிலாகவே அச்சாகி, மாகாணம் மாகாணமாகப் பல தொகுதிகள் வந்திருக்கின்றன.

அந்தச் சாட்சியங்களைப் படிப்பது எளிதல்ல. பதின்மூன்று, பதினான்கு வயதில் பிரசவத்துக்கு வந்த பெண்களைப் பற்றி டாக்டர்கள் சொல்லியிருக்கும் பகுதிகளை நாங்கள் உரக்கப் படிப்பதை நிறுத்திவிட்டு, ஒவ்வொருவரும் தனியாகப் படித்துக்கொண்டோம். எங்களில் சிலர் படிக்கவே இல்லை. யாரையும் நாங்கள் வற்புறுத்தவுமில்லை.

இதே சமயம் சென்னைச் சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இருந்தார். புதுக்கோட்டையில் பிறந்து, 1912இல் டாக்டர் பட்டம் பெற்று, சென்னைச் சட்டசபையின் முதல் பெண் அங்கத்தினராகவும் துணைத் தலைவராகவும் ஆனவர். அவருடைய பேச்சுக்களைத் தேடும்போதும் எழுத்தில் கவனம் வேண்டும். அந்தக் காலத்து அச்சில் ரெட்டி என்பதன் கடைசி எழுத்து இப்போது நாம் போடும் எழுத்தாக இராது. ஓர் எழுத்து மாறினால் கம்ப்யூட்டருக்கு அவர் வேறு ஆள்.

அடுத்து, ஜனத்தொகைக் கணக்கு. எங்கள் பதினொரு மொய்யும் ஒரே தெருவின் கதையா, அல்லது நாடு முழுக்க இப்படித்தானா என்று பார்க்க இதைவிட்டால் வேறு வழியில்லை. பத்து வருஷத்துக்கு ஒரு முறை எடுத்த கணக்குகளின் அறிக்கைகளை ஜனத்தொகைக் கணக்கு அலுவலகத் தளத்திலேயே பார்க்கலாம். நமக்கு வேண்டியது 1931ஆம் வருஷத்தது. அந்த வருஷம் பிப்ரவரி 26ஆம் தேதி கணக்கெடுப்பு. ஏறக்குறைய சரியாக ஒரு வருஷம் ஆகியிருக்கிறது, எங்கள் நோட்டின் மாசி முடிந்து! இந்தியா முழுவதற்குமான அறிக்கையை எழுதியவர் ஹட்டன். சென்னை மாகாணத்துக்கு ஈட்ஸ். வயது வாரியாக, கன்னி, மணமானவர், விதவை என்று பிரித்துப் பெரிய பெரிய அட்டவணைகள் போட்டிருக்கிறார்கள்.

1921இல் பதினைந்து வயதுக்குட்பட்ட மனைவிமார் இந்தியாவில் ஏறக்குறைய 85 லட்சம் பேர். 1931இல் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். தடைச் சட்டம் வந்தபின் குறைந்திருக்க வேண்டிய எண்ணிக்கை ஏறியிருக்கிறது. சட்டம் அமலாவதற்குமுன் முடித்துவிட வேண்டுமென்று மக்கள் அவசர அவசரமாகக் கல்யாணம் செய்ததுதான் இதற்கு முக்கிய காரணம் என்று ஹட்டனே எழுதுகிறார். வயதைக் கணக்கிடும் முறையையும் அந்த முறை மாற்றியிருந்தார்கள். ஆகவே வித்தியாசம் முழுவதையும் அவசரக் கல்யாணத்தின் தலையில் போட முடியாது என்று கணித ஆசிரியை எங்களை எச்சரித்தார். அவர் சொன்னபடி இதையும் எழுதிவிட்டோம்.

விதவை என்ற பத்தியைப் பற்றி நாங்கள் ஒன்றும் எழுதப்போவதில்லை. ஐந்து வயதுக்குட்பட்டோர் வரிசையிலும் அந்தப் பத்தி காலியாக இல்லை என்று மட்டும் சொல்கிறோம்.

சட்டம் வந்தும் அதற்குப் பல் இல்லை என்பது அதன் பிரிவுகளைப் படித்தாலே தெரிகிறது. மீறினால் ஒரு மாதம் வரை வெறுங்காவல், அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம். ஆனால் யாராவது போய்ப் புகார் செய்ய வேண்டும். ஒரு வருஷத்துக்குள் செய்ய வேண்டும். புகார் செய்கிறவர் நூறு ரூபாய் வரை ஜாமீன் எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. 1930இல் நூறு ரூபாய் என்றால் எத்தனை மூட்டை நெல் என்று அந்தக் கணக்கு நோட்டைப் பார்த்தே எங்களால் சொல்ல முடிந்தது. ஊரை விரோதித்துக்கொண்டு அவ்வளவு பணத்தையும் வைத்துப் புகார் செய்ய யார் வருவார்? நடந்த கல்யாணம் செல்லாது என்றும் சட்டம் சொல்லவில்லை. சமஸ்தானங்களிலோ பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரியிலோ அந்தச் சட்டம் செல்லாது.

1949இல் பெண்ணின் வயதை 15 ஆக்கினார்கள். 1978இல் 18. இப்போதுள்ளது 2006ஆம் ஆண்டுச் சட்டம். 2007 நவம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. இதன்படி, சிறுவயதில் திருமணம் செய்விக்கப்பட்டவரே பின்னால் அதை ரத்துசெய்யக் கோரலாம். பெண்ணுக்கும் 21 ஆக்க 2021 டிசம்பரில் ஒரு மசோதா வந்தது. 2024இல் மக்களவை கலைந்தபோது அதுவும் காலாவதியாயிற்று. இந்தத் தேதிகளையெல்லாம் தேடி எழுதிக்கொண்டிருந்த வெள்ளிக்கிழமை, எங்களுடன் அமர்ந்திருந்தவர்களில் ஒருத்தி பேசாமல் இருந்தாள். சென்ற ஆண்டு விடுமுறைக்குப்பின் மூன்று வாரம் அவள் பள்ளிக்கு வரவில்லை. பதினாறு வயதுதான். சிஸ்டர் வீட்டுக்குப் போனார். பிறகு 1098 என்ற எண்ணுக்குப் பேசினார். மாவட்ட சமூக நல அலுவலகத்திலிருந்து வந்தார்கள். இப்போது அவள் எங்களுடன்தான் படிக்கிறாள். இதற்குமேல் எழுத அவளிடம் எங்களுக்கு அனுமதி இல்லை. இந்த வரிகளை அச்சுக்குக் கொடுக்குமுன் அவளிடம் காட்டினோம். 'மூன்று வாரம் இல்லை, இருபத்தாறு நாள்' என்று திருத்தினாள்.

நாங்கள் பட்ட சில சங்கடங்களையும் சொல்லிவிடுகிறோம். இணையத்தில் உள்ள பழைய பக்கங்கள் புகைப்படங்கள். அவற்றிலுள்ள எழுத்துக்களைக் கம்ப்யூட்டர் தானே படித்து, தேடுவதற்கு வசதியாக மாற்றி வைத்திருக்கும். அது படிக்கும் லட்சணம் ஒன்றாம் வகுப்புக் குழந்தையைப் போலத்தான். மங்கிய மை, பூச்சி அரித்த ஓட்டை, இரண்டு பத்தியாக அச்சிட்ட பக்கம் இவற்றில் தடுமாறிவிடும். கையெழுத்துப் பிரதி என்றால் பெரும்பாலும் தேடவே முடியாது. ஆகையால் தேடி வரவில்லை என்றால் இல்லை என்று முடிவு கட்டாமல், வருஷத்தைப் பிடித்து, துறையைப் பிடித்து, பக்கத்தைப் புரட்ட வேண்டும். இந்தச் சட்டத்தின் கட்டுகளை உள்துறையில், அதிலும் நீதிப் பிரிவில் தேட வேண்டும் என்று தெரிந்தபின்தான் எங்களுக்கு வழி பிடிபட்டது. கட்டின் தலைப்பு, அன்றைய குமாஸ்தா ஒரு வரியில் எழுதியது. உள்ளே இருப்பதெல்லாம் அந்த ஒரு வரியில் வந்துவிடுமா?

கிடைத்த பக்கத்தை உடனே சேமித்து, கட்டு எண், வருஷம், பக்கம் மூன்றையும் கையால் எழுதிக்கொள்ளுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் நாளைக்குத் தளம் திறக்காமல் போகலாம். லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி நாள் முதலான இந்திய ஆவணங்கள் மலைபோல் இருக்கின்றன. 2023 அக்டோபரில் அந்த நூலகத்தின் கம்ப்யூட்டர்களைக் கயவர்கள் தாக்கியதில் பட்டியலைக்கூடப் பார்க்க முடியாமல் மாதக்கணக்கில் முடங்கிற்று. அவ்வளவு பெரிய நூலகத்துக்கே அந்தக் கதி.

எல்லாக் காகிதமும் எல்லாருக்கும் திறந்திருக்கும் என்றும் எண்ண வேண்டாம். 1993ஆம் வருஷப் பொது ஆவணச் சட்டப்படி, ரகசியம் என்று வகைப்படுத்தாதவற்றில் முப்பது வருஷத்துக்கு மேற்பட்டவையே ஆராய்ச்சியாளர் பார்வைக்கு வருகின்றன. நேதாஜி பற்றிய கட்டுகள் 2016 ஜனவரியில்தான் பொதுமக்கள் பார்க்கத் திறந்தார்கள். எங்கள் கேள்விக்கு அந்தத் தொந்தரவு இல்லை. தொண்ணூறு வருஷத்துக்கு முந்தின கல்யாணத்தில் யாருக்கு என்ன ரகசியம்?

அப்படித்தான் நினைத்துக்கொண்டு, டிசம்பர் விடுமுறையில் ஒரு சனிக்கிழமை நாங்கள் ஐந்து பேர் தோழியின் வீட்டுக்குப் போனோம். பாட்டிக்கு எண்பது வயதாகிறது. காப்பி கொடுத்துவிட்டு, "என்னம்மா கண்டுபிடிச்சீங்க?" என்று ஆவலாகக் கேட்டார்கள். சட்டத்தின் முதல் பக்கத்தை அச்செடுத்துப் போயிருந்தோம். ஏப்ரல் முதல் தேதியைக் காட்டி, மாசி மாதத்தையும் பதினொரு மொய்யையும் சொன்னோம். பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டை வாங்கிப் பார்த்தார்கள். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ தெரிஞ்சேதான் பண்ணினாளா?" என்றார்கள்.

எங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. உங்கள் தாத்தா மனத்தில் என்ன இருந்தது என்று எந்தக் காகிதத்திலும் இல்லை, பாட்டி, என்று சொன்னோம். அது உண்மைதான். அந்த வருஷத்துப் பஞ்சாங்கம் எங்களுக்கு அகப்படவில்லை. முகூர்த்தம் நிஜமாகவே இல்லாமலும் இருந்திருக்கலாம். சட்டம் வரும் தேதி ஊருக்குத் தெரியும். கல்யாணங்கள் அதற்குமுன் குவிந்தன. அதற்கடுத்த மாசியில் ஒன்றும் இல்லை. ஆவணங்கள் இவ்வளவுதான் சொல்கின்றன.

"எங்கம்மா பேர் எங்கேயாவது போட்டிருக்கா?" என்று பாட்டி கேட்டார்கள். ஜனத்தொகைக் கணக்கில் பெயர்களை அச்சிடுவதில்லை, தொகை மட்டுமே போடுவார்கள் என்று விளக்கினோம். 1931 அறிக்கையில் சென்னை மாகாணம், பெண்கள், ஐந்திலிருந்து பத்து வயது, மணமானவர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதற்குள்ளே உங்கள் அம்மாவும் ஒருவர் என்று அந்தப் பக்கத்தைக் காட்டினோம். பாட்டி அந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்து, எண்ணைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். பிறகு பென்சில் வாங்கி, அந்த எண்ணின் ஓரத்தில் தம் அம்மாவின் பெயரைத் தமிழில் எழுதினார்கள்.

அந்தத் தாள் இப்போது கணக்கு நோட்டுக்குள் இருக்கிறது. 1930ஆம் வருஷத்துப் பஞ்சாங்கம் யார் வீட்டிலாவது இருந்தால் சரித்திர மன்றத்தாரிடம் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம். இரண்டே நாளில் பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுவோம்.

— சரித்திர மன்றத்தார், பதினோராம் வகுப்பு